தொர்தோஞ்சில் ஏழு நாள்கள்

பிரெஞ்சில் ‘கூசினாத்’ என்றொரு சொல் உண்டு. ஒரே முன்னோரின் வழிவந்தவர்கள் ஓரிடத்தில் கூடி உண்டு களிப்பதற்கு அந்தப் பெயர். 2012 ஆகஸ்டில் வாந்தே பகுதியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 4,514 பேர் இவ்வாறு கூடி உலக சாதனை படைத்தார்களாம். 2023 ஆகஸ்டில் தொர்தோஞ் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நாங்கள் கூடியபோது 26 பேர் இருந்தோம். அவர்களுள் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள் மூவர்: நான், என் கணவர், எங்கள் மகன்.

இந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர். பெரியப்பா சொல்தா. (புதுவைக்கு வெளியே வாழும் வாசகர்களுக்கு: பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்தவரை எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வோம்.) இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியிருந்தார். அவர் எழுதிக் கொடுத்தார். என் அப்பாவுக்கு அப்போது 24 வயது. அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. சில ஆண்டுகளில் பெரியப்பா குடும்பத்தோடு பாரிசுக்குப் போனார். அப்பா வைசியாள் வீதிக்கு அருகே இருக்கும் பழைய வீட்டில், பாட்டியோடு தங்கினார்.

அன்று ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களின் பிள்ளைகள் ஒரு வாரம் சேர்ந்து உண்ண வேண்டுமென்றால் இன்று எவ்வளவு தாள்கள்! எங்களை அழைப்பதற்காக அண்ணன் தன் ஊர் ‘மேரி’க்குப் போய், நாங்கள் அவர் வீட்டில் தங்குவோம் என்று சான்று வாங்கி அனுப்பினார். நான் வங்கிக் கணக்கையும் கல்லூரியின் தடையில்லாச் சான்றையும் விசா அலுவலகத்தில் கொடுத்து, பத்து விரல்களையும் பதித்தேன். நாங்கள் எல்லோரும் ஒரே கொள்ளுப்பாட்டியின் மூக்கோடு பிறந்தவர்கள் என்பதைக் காட்ட அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

நாங்கள் தங்கியது ஒரு ‘ழீத்’. வயல்வெளிகளை விட்டு மக்கள் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், பாழாகும் கிராமத்து வீடுகளைச் செப்பனிட்டு விடுமுறைக்கு வாடகைக்கு விடலாம் என்று தொடங்கிய ஏற்பாடு. 1955இல் அதற்கென ஒரு கூட்டமைப்பே உருவானது. உழவருக்குக் கொஞ்சம் வருமானம், பட்டணத்துக் கூலிக்காரருக்குக் கொஞ்சம் காற்று. பிரான்சில் சம்பளத்துடன் கூடிய விடுமுறை 1936இல் இரண்டு வாரமாக வந்தது, 1982இல் ஐந்து வாரமானது. அந்த நாட்டுக்காரர்கள் ஆகஸ்டை ஒரு மாதம் என்று நினைப்பதில்லை, ஓர் உரிமை என்றே நினைக்கிறார்கள். (நம் கல்லூரிகளில் கோடை விடுமுறையை விடைத்தாள் திருத்தியே கழிக்கும் எனக்கு இதில் பொறாமை உண்டு.)

மஞ்சள் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய பண்ணை வீடு. சுற்றிலும் வாதுமைக் கொட்டை மரங்கள், வரிசை வரிசையாக. முற்றத்தின் மறுபுறம் மரப்பலகைகளால் ஆன உயர்ந்த கொட்டகை. முன்பு அதில் புகையிலையைத் தொங்கவிட்டு உலர்த்துவார்களாம். இப்போது நீண்ட மேசை போட்டுச் சாப்பாட்டுக் கூடமாக்கியிருக்கிறார்கள். அந்த மேசையில்தான் எங்கள் ஏழு நாளும் நடந்தன. லாஸ்கோ குகைக்கும் போனோம். 1963இல் மூடப்பட்ட மூலக் குகையைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. 2016இல் திறந்த முழு நகலைத்தான் காட்டுகிறார்கள். மகனுக்குப் பிடித்திருந்தது. எனக்கு மேசையே போதுமாக இருந்தது.

முதல் நாளே முறைப்பெயர்ச் சிக்கல் எழுந்தது. அக்காள் பிள்ளைகளுக்கு நான் சித்தி, அண்ணன் பிள்ளைகளுக்கு அத்தை. பிரெஞ்சில் இரண்டும் ஒன்றே. அதன் குழந்தை வடிவம் ‘தத்தா’. ஆகவே நாற்பதுகளில் இருக்கும் என்னை ஐந்தாறு குழந்தைகள் ‘தத்தா, தத்தா’ என்று அழைத்துக்கொண்டு திரிந்தார்கள். என் மகன் சிரித்துச் சிரித்து ஓய்ந்தான். அண்ணனின் மருமகன் பிரெத்தாஞ் பகுதிக்காரர், நல்ல மனிதர். அவர் என்னைத் தம் நண்பர் ஒருவருக்குத் தொலைபேசியில் ‘மாமனாரின் கூசின்’ என்று அறிமுகப்படுத்தினார். எண்பத்தாறு வயதுப் பெரியம்மா சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார்.

“கூசின் இல்ல, தங்கச்சி. அவனுக்கு எடுத்துச் சொல்லு.”

அண்ணன் சொன்னார். மருமகனுக்குக் குழப்பம். ஒரே தாய் தந்தைக்குப் பிறக்காதவர் எப்படித் தங்கை ஆவார்? நான் ஒரு தாளை எடுத்து மரம் வரைந்தேன். தந்தையின் உடன்பிறந்தானுடைய பிள்ளைகள் அண்ணன், அக்காள். தந்தையின் உடன்பிறந்தாளுடைய பிள்ளைகள் வேறு, அவர்கள் மணமுறை உள்ளவர்கள். வரைந்துகொண்டே போகையில் வகுப்பறைப் பழக்கம் தொற்றிக்கொண்டது. பழந்தமிழில் உறவுப் பெயருக்குள்ளேயே யாருடைய உறவு என்பதும் இருந்தது: எந்தை என்றால் என் தந்தை, நுந்தை என்றால் உன் தந்தை. எம்பி, உம்பி, தம்பி என்பனவும் அப்படியே. தன்மையும் முன்னிலையும் வழக்கொழிந்தன. படர்க்கைக்குரிய தந்தையும் தம்பியும் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக எஞ்சின. பெரியப்பா பாரிசிலிருந்து எழுதிய கடிதங்கள் எல்லாம் ‘அன்புள்ள தம்பிக்கு’ என்றே தொடங்கும். அச்சொல்லின் மூலப்பொருள் ‘அவனுடைய இளவல்’ என்று அப்போது அவருக்குத் தெரிந்திருக்காது. மருமகன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பெரியம்மா வாத்துக்கறிக் குழம்பு வைத்தார். வாத்து அந்த வட்டாரத்தின் செல்வம். கறிவேப்பிலையைப் பாரிசின் லா ஷப்பேல் கடைத்தெருவிலிருந்து அக்காள் கொண்டுவந்திருந்தார். தாளிக்கும் வடவம் நான் புதுவையிலிருந்து கொண்டுபோனது. வாசனை எழுந்ததும் மருமகன் ஓடிவந்து, ‘வாதுவான்!’ என்றார். அந்நாட்டுச் சமையற்கலைஞர்கள் அதைச் சிறு புட்டியில் அடைத்து விற்கிறார்களாம். ஆமணக்கெண்ணெய் பிசிறி மொட்டை மாடியில் காய்ந்த எங்கள் வெங்காய உருண்டைக்கு இப்படியொரு வாழ்வு.

கூடியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை நான்கு நாள்களாக யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. புதுவை வீடு பாட்டியின் பெயரில் இருந்து இரு மகன்களுக்கும் வந்தது. இப்போது பாதி என்னுடையது, பாதி பெரியப்பா வழியில் மூவருடையது. பின்கட்டில் விட்டம் உளுத்துவிட்டது. அந்தத் தெருவில் இன்று மனைக்கு இருக்கும் விலையைக் கேட்டால் எங்கள் பாட்டி மயங்கி விழுவார். சின்ன அக்காவுக்கு விற்றுவிட விருப்பம். அவர் கணவருக்கு இன்னும் அதிக விருப்பம். நான் அந்த வீட்டில்தான் வாழ்கிறேன்.

பேச்சைத் தொடங்கி வைத்தவர், ஒரு விதத்தில், வீட்டுக்காரப் பெண்மணி. எழுபது கடந்தவர், முட்டையும் தக்காளியும் கொண்டுவந்து தருவார். எதிரே கூரை சரிந்து, உள்ளே அத்திமரம் முளைத்துக் கிடந்த கல்வீட்டைப் பற்றி என் மகன் கேட்டான். ‘அதற்குப் பதினொரு வாரிசுகள்’ என்றார் அவர். பிரெஞ்சுச் சட்டத்தில் பிள்ளைகள் அனைவருக்கும் சம பங்கு. பிரிக்காத சொத்தில் யாரையும் கட்டாயப்படுத்தி இருத்திவைக்கவும் முடியாது. ஆனாலும் ஒருவர் விற்கலாம் என்பார், மற்றவர் பதில் எழுத மாட்டார், இன்னொருவர் முகவரியே தெரியாது. அதற்குள் மழை தன் வேலையைச் செய்துவிடும். தன் பிள்ளைகள் போர்தோவிலும் துலூசிலும் இருப்பதாகவும், அவர்களும் ஆகஸ்டில்தான் வருவார்கள் என்றும் சொல்லிவிட்டு, வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிரவு மேசையில் அண்ணன் பேச்சை எடுத்தார். கணக்குகள், பாகங்கள், வரிகள். சின்ன அத்தான் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும். “ஐம்பது வருஷமா வாடகையில்லாம இருந்தாச்சு” என்றார், பொதுவாக, யாரையும் பாராமல். நான் கூரை மாற்றிய செலவையும் வீட்டு வரியையும் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா ஏன் எழுதிக் கொடுக்கவில்லை என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு விளக்கம் இருந்தது: அவர் தேசப்பற்றாளர். அப்பாவும் அதை மறுத்ததில்லை. பெரியம்மா அன்று வேறு சொன்னார்.

“ரெண்டு பேரும்தான் கெளம்பினாங்க. உங்க பாட்டிதான் வாசல்ல நின்னாங்க. ஒருத்தன் பென்ஷனப் பாத்துக்கட்டும், ஒருத்தன் வீட்டப் பாத்துக்கட்டும்னாங்க. சின்னவரு சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு உள்ள போயிட்டாரு. பெரியவரு மட்டும் போனாரு. பென்ஷன்ல நாங்க யாருக்காவது பாதி குடுத்தமா?”

அப்பா வெளியே கிளம்பிய சட்டையோடு வாசலில் நின்ற காட்சியை எனக்கு யாரும் சொன்னதில்லை. அவரும் சொல்லவில்லை, 2009இல் இறக்கும்வரை. அவர் எங்களுக்குச் சொன்னதெல்லாம் விடுதலை நாள் கொடியேற்றத்தைப் பற்றித்தான். தேசப்பற்றும் பொய்யல்ல என்றே நினைக்கிறேன். ஒரு மனிதன் தங்கிவிட்ட பிறகு, தங்கியதற்கு ஒரு பெரிய காரணம் தேவைப்பட்டிருக்கலாம். கொட்டகையின் பலகை இடுக்குகளில் காற்று விசிலடித்தது. அக்காளின் பேரன் பெரியம்மா சொன்னது என்னவென்று தன் தாயிடம் பிரெஞ்சில் கேட்டான். அவள் சொல்லத் தொடங்கி, ‘பிறகு’ என்று நிறுத்தினாள்.

மறுநாள் காலை அண்ணன் என்னிடம் வந்து, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சொன்னார். வாதுமை மரங்களுக்கிடையே நடந்தோம். இருவரும் அதிகம் பேசவில்லை. பெரிய அக்காள் மாலையில் சொன்னார். சின்ன அக்காள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில், பத்து மணிக்குள் வீட்டைக் கூட்டிப் பெருக்கிச் சாவியைத் தர வேண்டிய அவசரத்தில், என்னோடு சேர்ந்து இருபத்தாறு போர்வைகளை மடித்தவர் அவர்தான். எதிரெதிர் முனையைப் பிடித்துக்கொண்டு, சிறுமிகளைப் போல, ஒரு சொல்லும் இல்லாமல் மடித்தோம்.

பாரிசில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று இரண்டு ஆவணங்கள் வந்து சேர்ந்தன. மூன்றாவது இன்னும் வரவில்லை. சின்ன அக்காவிடம் நானும் கேட்கவில்லை. பொங்கலுக்கு அவர் அழைத்தபோது வடவம் போடும் பக்குவத்தைக் கேட்டார், சொன்னேன். ஐப்பசி மழைக்கு முன் பின்கட்டு விட்டத்தை மாற்றியாக வேண்டும். தச்சரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.