வலமா? இடமா?

நான் பேக்கேமன் கத்துக்கிட்டது போன்ல. ஆணி புடுங்கற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதுதான். ஒரு வருஷம் விளையாடி, நான் பெரிய கை-ன்னு எனக்கே ஒரு நினைப்பு வந்துடுச்சு. (இந்த மாதிரி நினைப்பு வந்தாலே ஆப்பு ரெடியாகுதுன்னு அர்த்தம்.)

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். பலகைல 24 முக்கோணம். ஆளுக்கு 15 காய், ரெண்டு பகடை. காய்களை சுத்திக் கொண்டுவந்து நம்ம வீட்டுல, அதாவது கடைசி ஆறு முக்கோணத்துல, சேர்த்து அப்புறம் ஒண்ணொண்ணா வெளிய எடுக்கணும். தனியா மாட்டற காயை எதிராளி வெட்டலாம். நம்ம தாயத்துக்கு தூரத்து சொந்தம்னு வெச்சுக்கோங்க. ஆனா தாயத்துல எல்லாரும் ஒரே திசைல சுத்துவோம். இதுல ரெண்டு பேரும் எதிரெதிர் திசை. நான் வர்ற வழியில அவன் போறான்.

ஆப்பு வெச்சது எங்க டீம் நண்பன். துருக்கில ஆறு மாசம் ஆன்சைட் இருந்துட்டு, அழகான மரப்பலகை ஒண்ணு வாங்கிட்டு வந்தான். அங்க இதுக்குப் பேரு தாவ்லா. "வா, ஒரு கை போடலாம்"னான். அவன் அவனோட வலது பக்கம் வீடு வர்ற மாதிரி அடுக்கிட்டு உக்காந்தான். அப்ப எதிர்ல இருக்கற எனக்கு வீடு இடது பக்கம்! நேருக்கு நேர் உக்காந்தா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு எப்பவுமே இப்படித்தான் வரும். போன்ல எனக்கு எப்பவும் வலது கீழ் மூலைதான் வீடு. இன்னொரு பக்கம்னு ஒண்ணு இருக்கறதே உறைக்கல.

முதல்ல 3-1 விழுந்துச்சு. 8ம் வீட்டுலேருந்து ஒரு காய், 6ம் வீட்டுலேருந்து ஒரு காய் எடுத்து 5ம் வீட்டை அடைக்கணும். தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். ஆனா கை தானா வலது பக்கம் போகுது, அங்க என் வீடு இல்ல. 5ம் வீடு எங்கடான்னு விரல் விட்டு எண்ணிட்டிருக்கேன். நாலாவது தடவை ஒரு காயை வந்த வழியே திருப்பி நகர்த்திட்டேன். "டேய், இதுல ரிவர்ஸ் கியர் கிடையாது"ன்னான். அஞ்சு ஆட்டம், அஞ்சும் தோல்வி. ஒண்ணுல ஒரு காய் கூட வெளிய எடுக்காம தோத்தேன், அதுக்கு ரெட்டைக் கணக்கு. :(

அவன் எந்தப் பக்கமும் ஆடறான். "அங்க டீக்கடைல எந்த நாற்காலி காலியா இருக்கோ அதுலதான் உக்காரணும். பக்கம் பாத்தா சிரிப்பாங்க"ன்னான். பழைய ஆட்டப் புத்தகங்கள்ல, வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வீட்டை வைக்கறது வழக்கம்னு இருக்கும். ஜன்னல் மாறினா வீடும் மாறும்!

அந்த சனிக்கிழமை காஞ்சிபுரம் ரயில்ல உக்காந்திருக்கறப்ப, எனக்கு ஆட்டத்தை விட ஆயா ஞாபகம்தான் வந்துச்சு. இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

ஆயாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பக்கவாதம் வந்து வலது கை விழுந்துடுச்சு. பேச்சு லேசா குழறும், மத்தபடி தெளிவுதான். பிரச்சனை சாப்பாடு. இடது கையால சாப்பிட மாட்டாங்க. அம்மா ஊட்டினா ரெண்டு வாய் வாங்கிட்டு "பசி இல்ல"ம்பாங்க. உடம்பு பாதியாயிடுச்சு. நான்தான் பெரிய மேதாவி மாதிரி, "இதுவும் கைதானே ஆயா? ஸ்பூன் பிடிக்கறதுல இன்னா கஷ்டம்? ஒரு வாரம் பழகினா வந்துடும்"னு சத்தம் போட்டேன். ஆயா ஒண்ணுமே சொல்லல. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.

ஒரு பலகையோட திசை மாறினதுக்கே எனக்கு மூளை நின்னு போச்சு. எழுபத்தாறு வருஷம் வலது கையால சாப்பிட்டவங்ககிட்ட ஒரு வாரம்னு கணக்கு சொல்லிருக்கேன். ரயில்ல உக்காந்து ரொம்ப வெக்கமா இருந்துச்சு.

வீட்டுக்குப் போய் சமாதானம் எல்லாம் பேசத் தெரியல. பரண்லேருந்து பித்தளை தாயக்கட்டையை எடுத்து புளி போட்டுத் தேச்சேன். தரையில போடற கட்டத்தை ஒரு பலகைல சாக்பீஸால போட்டு கட்டில்ல வெச்சேன். "எவன் உருட்டுவான்?"னாங்க ஆயா. "நீதான். இடது கையால. நானும் இடது கையாலதான் உருட்டுவேன்"னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு கட்டையை வாங்கினாங்க.

எங்க வீட்டு விதிப்படி தாயம் போட்டாதான் காய் இறங்கும். வெளிக்கட்டத்துல இடமா சுத்தணும், கோயில்ல வலம் வர்றதுக்கு நேர் எதிர். ஒரு காயாவது வெட்டினாதான் உள்கட்டத்துக்குள்ள போகலாம். உள்ள போனதும் திசை திரும்பும், வலமா சுத்தி நடுவுல பழம். (1896ல இங்கிலாந்துல காப்புரிமை வாங்கின லூடோ முழுக்க வலம்தான். திரும்பற வேலையே இல்ல.) சின்ன வயசுல உள்கட்டத்துல நான் தப்பாதான் போவேன். அன்னிக்கும் போனேன்.

"கட்டத்தைப் பாக்காதடா. பழத்துலேருந்து பின்னாடி எண்ணிக்கினு வா"ன்னாங்க ஆயா.

அவ்வளவுதான் விஷயம்! நான் ஒரு வருஷமா பலகையோட படத்தை மனப்பாடம் பண்ணிருக்கேன், ஆட்டத்தை இல்ல. வீட்டுலேருந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினா 5ம் வீடு எந்தப் பக்கம் உக்காந்தாலும் 5ம் வீடுதான்.

"உனக்கு மட்டும் எப்படி ஆயா குழம்பல?"ன்னேன். தாத்தா கோர்வைப் பட்டு நெய்யறப்ப ஆயாதான் கூட உக்காருவாங்க. உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் ரெண்டு நாடா, மொத்தம் மூணு. அதனாலதான் ஒரு தறிக்கு ரெண்டு ஆள். "நாடா இப்டி போனா அப்டி திரும்பணும். ஒரு பக்கமாவே போனா புடவை ஏது?"ன்னாங்க. சொல்லிட்டு தன்னோட இடது கையை ஒரு தடவை பாத்துக்கிட்டாங்க. "இந்தக் கையாலயும் நாடா வாங்கிருக்கேன்டா."

அன்னிக்கு ராத்திரியே ஸ்பூன் பிடிச்சாங்கன்னு எழுதினா அது சினிமா. அடுத்த வாரமும் பிடிக்கல. மூணாவது வாரம் நான் போனப்ப தட்டுல இட்லியைப் பிச்சுப் போட்டு, கதவை சாத்திக்கிட்டு தனியா சாப்பிட்டாங்க. பாதி மடியில. நாங்க யாரும் உள்ள போகல. இப்ப கதவு திறந்திருக்கு.

நானும் போன்ல திசை மாத்தற செட்டிங்கைக் கண்டுபிடிச்சு, ஒரு ஆட்டம் வலம், ஒரு ஆட்டம் இடம்னு மாத்தி மாத்தி ஆடறேன். முதல் பத்து நாள் தோத்துக்கிட்டே இருந்தேன். இப்ப யோசிக்காம கை போகுது. நண்பன்கிட்ட போன வாரம் அஞ்சுல ரெண்டு ஜெயிச்சேன், அதுவும் இடது பக்கம் உக்காந்து. :)

ஆயாகிட்ட இன்னும் ஒண்ணு கூட ஜெயிக்கல.

சரி மக்களே, உங்க வீட்டுத் தாயத்துல உள்கட்டம் எந்தப் பக்கம் சுத்தும்? ஊருக்கு ஊர் மாறும் போல. சொல்லிட்டுப் போங்க.