விரதமும் மாத்திரையும்

ஓம் முருகா. 

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கப் போறவங்க விரதம் ஆரம்பிக்கிற நேரம். அதுக்கு முன்னாடி எங்க வீட்டுல நடந்ததைச் சொல்லிடறோம். பையன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறோம்.

அவனுக்கு முதல்ல அடிக்கடி வயித்துப்போக்கு, அப்புறம் ரத்தம். மூலம்னு நினைச்சு நாட்டு மருந்து குடுத்தோம். உடம்பு இளைச்சுப்போன பிறகுதான் ஈப்போவுக்குக் கூட்டிட்டுப் போனோம். கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்த்தாங்க. 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்'. நம்ம உடம்பைக் காக்கிற எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கிப் புண்ணாக்குற நோய். ஒட்டுவாரொட்டி இல்லை. மலேசியாவுல மற்ற இனத்தவரைவிட இந்தியர்களுக்குத்தான் இது அதிகம்.

மாத்திரையில நல்லாயிட்டான். காவடி எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டான். நாங்கதான் சொன்னோம்: "48 நாள் விரதம்பா, மாத்திரை எதுக்கு? முருகன் பார்த்துக்குவான்." அவனும் நிறுத்திட்டான்.

விரதம் முடியுறதுக்குள்ள ஒருநாள் ராத்திரி பாத்ரூமை விட்டு வெளியே வர முடியல. எல்லாம் ரத்தம். விடியக்காலையில தானா ராத்தாவுல இருந்து தாப்பா ரோட்டுல இறங்கினோம். ரிங்லெட்டுல ஒரு தடவை, லாத்தா இஸ்கந்தர் அருவிகிட்ட ஒரு தடவை வண்டியை நிறுத்தினோம். பின்சீட்டுல இடுப்புல துண்டைச் சுத்திக்கிட்டு, "மன்னிச்சிருங்கப்பா, சீட்டு அழுக்காயிருச்சு"ன்னான். மன்னிப்புக் கேட்க வேண்டியவங்க நாங்க.

டாக்டர் திட்டல. "நல்லா இருக்கும்போதும் சாப்பிடணும். புண்ணை அடக்கி வச்சிருந்ததே மாத்திரைதான்"ன்னார். தேயிலை பேக்டரியில மெஷின் நல்லா ஓடினாலும் சர்வீஸ் தேதி தள்ளிப்போனா ஆளைக் கூப்பிட்டுக் கேட்கிறவங்க நாங்க. சொந்தப் பிள்ளை விஷயத்துல கோட்டை விட்டோம்.

அப்புறம் அவன் கோயிலுக்கே வரல. கூட்டத்துல அவசரம் வந்தா என்ன பண்றதுன்னு பயம். வெட்கத்தை விட்டு நிர்வாகத்துல சொன்னோம். மறுபேச்சு இல்லாம ஒரு கழிவறைச் சாவியை அவன் கையில குடுத்துட்டாங்க. இப்ப வெள்ளிக்கிழமை செருப்பு வைக்கிற இடத்துல தொண்டு செய்றான். கழிவறை பக்கம்னு அவனே கேட்டு வாங்கின வேலை.

அதனால, மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டரைக் கேட்டுட்டு விரதம் இருங்க. மலத்துல ரத்தம் வந்தா மறைக்காதீங்க. பந்தியில பாதியில எழுந்து ஓடுற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீங்க.

மாத்திரை போட்டா விரதம் கெடாது. காலையில வேலுக்கு விளக்கேத்திட்டு, அங்கேயே நின்னு தண்ணியும் மாத்திரையும் நாங்களே எடுத்துக் குடுக்கிறோம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.