தினமும் கடந்துபோன வாசல்



பிழைப்புக்காக வெளிமாநிலத்துப் பட்டணங்களில் குடியேறிய நம்மில் பலர், நாம் வசிக்கும் இடத்தைச் சுற்றிலும் என்னென்ன இருக்கின்றன என்று அறியாமலேயே வருஷங்களைக் கழித்துவிடுகிறோம். வேலைக்குப் போகும் பாதை, காய்கறிச் சந்தை, ஞாயிறு ஆராதனைக்குப் போகும் பேருந்து, ஊருக்குப் போகும் ரயில் ஆகிய நான்கும் தெரிந்தால் போதும் என்றிருக்கிறோம். நானும் அப்படி இருந்தவன்தான். அந்த அறியாமைக்குக் கிரயமாக என் மனைவி மூன்று குளிர்காலங்களைக் கொடுத்தாள். உங்களில் ஒருவருக்காவது அந்த நிலை வராதிருக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நாங்கள் 1999-இல் டெல்லிக்கு வந்தோம். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில், மூன்றாம் மாடியில் ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்தது. அந்தப் பல்கலைக்கழகம் 1922-இல் மூன்று கல்லூரிகளோடு தொடங்கப்பட்டது. வைஸ்ராய் முன்பு தங்கியிருந்த மாளிகை 1933-இல் அதற்குக் கிடைத்தது. இன்றும் துணைவேந்தர் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. காலையும் மாலையும் அந்த வளாகத்தின் வழியாகவே நடந்துபோவேன். பல்கலைக்கழகம் என்றால் வகுப்பறை, நூலகம், மாணவர் விடுதி. அதற்கும் கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்பதே என் எண்ணம். வழியில் "வல்லபாய் படேல் செஸ்ட் இன்ஸ்டிடியூட்" என்ற பெயர்ப்பலகை உண்டு. அதையும் நூறு முறை வாசித்திருப்பேன். ஏதோ ஆராய்ச்சிக்கூடம் என்று எண்ணிக் கடந்துபோனேன்.

2006-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் என் மனைவிக்கு இருமல் தொடங்கியது. முதலில் சளி என்று நினைத்தோம். அடுத்த குளிர்காலத்தில் அது இளைப்பாக மாறியது. டெல்லியின் காற்று குளிர்மாதங்களில் மிகவும் கெட்டுப்போகும். வாகனப் புகை, தூசி, சுற்றுவட்டார வயல்களில் வைக்கோல் தாளை எரிக்கும் புகை யாவும் சேர்ந்து, குளிர்ந்த காற்று மேலே எழும்பாததால் ஊர்மேல் மூடியைப் போல் தங்கிவிடும். இரவில் அவளால் படுக்க முடியாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் மூச்சு விசில் சத்தத்தோடு வரும். ஆறு வயது மகள் விழித்துக்கொண்டு, "அம்மா ஏன் தூங்கவில்லை?" என்று கேட்பாள். பதில் சொல்ல அம்மாவுக்கு மூச்சு இருக்காது.

அருகிலிருந்த ஒரு தனியார் சிகிச்சையகத்துக்கு மாதந்தோறும் போனோம். இரண்டு நிமிஷத்தில் மருந்துச் சீட்டு கைக்கு வந்துவிடும். இருமல் மருந்து, மாத்திரை, சில நாள் ஊசி. ஒரு வாரம் நன்றாக இருப்பாள், மறுபடியும் பழைய நிலைமை. என் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போயிற்று. 2008 டிசம்பரில் ஓர் இரவு அவளால் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க இயலவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆட்டோவில் ஏற்றி ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினேன். அவள் பிழைத்ததே பெரிது. பேச முடியாதபடி மூச்சு திணறுவதும், உதடு நீலமாவதும் ஆபத்தின் அடையாளங்கள். அப்படிக் கண்டால் விடியட்டும் என்று காத்திராதேயுங்கள்.

அவள் வீடு திரும்பிய பின்பு, எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி பார்க்க வந்தார். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருப்பவர். மருந்துச் சீட்டுகளை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிரதர், அக்காவைச் செஸ்ட் இன்ஸ்டிடியூட்டுக்கு அழைத்துப் போனீர்களா?" என்று கேட்டார்.

"அது பல்கலைக்கழகத்து இடம் அல்லவா? நம்மை உள்ளே விடுவார்களா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "பல்கலைக்கழகத்து இடம்தான். நான் படித்த நர்சிங் கல்லூரியும் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததுதான். நோயாளிகள் வராவிட்டால் டாக்டருக்குப் படிப்பவர்கள் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்?" என்றார்.

அன்றுதான் அறிந்தேன்: அது 1949-இல் நிறுவப்பட்டு, டெல்லிப் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்கும், நுரையீரல் நோய்களுக்கென்றே உள்ள முதுநிலைக் கல்வி நிலையம். அதனோடு சேர்ந்த மருத்துவமனைக்கு, அதன் முதல் இயக்குநரான டாக்டர் விஸ்வநாதனின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் அறையிலிருந்து அந்த வாசலுக்கு இருபது நிமிஷ நடை. அதைக் கேட்டபோது எனக்கு உண்டான வெட்கத்தை என்னவென்று சொல்வேன்!

மறுவாரம் காலையிலேயே போய்ப் பதிவு செய்தோம். முதலில் ஓர் இளம் மருத்துவர், மேற்படிப்பு மாணவர், அரைமணி நேரம் விசாரித்தார். எந்த மாதத்தில் அதிகமாகிறது, எதில் சமைக்கிறீர்கள், வீட்டில் கரப்பான்பூச்சி உண்டா, இரவில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்துகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். மூடிய அறையில் இரவு முழுவதும் அந்தச் சுருளை எரித்தவன் நான்தான். பின்பு பேராசிரியர் வந்து, மாணவரை மறுபடியும் முதுகில் வைத்துக் கேட்கச் சொன்னார். என் மனைவியைப் பாடமாக வைத்திருக்கிறார்களே என்று எனக்கு மனக்கஷ்டமாயிருந்தது.

அடுத்து ஸ்பைரோமெட்ரி என்னும் பரிசோதனை செய்தார்கள். ஒரு குழாயில் மூச்சைப் பலமாக ஊதச் செய்து, முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று அளக்கிறார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சச் செய்து, சுமார் 15 நிமிஷம் கழித்து மறுபடி ஊதச் சொல்கிறார்கள். அந்த அளவு 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால், குழாய் சுருங்கி விரியும் தன்மையுள்ளது என்று அறிகிறார்கள். என் மனைவிக்கு அதைவிடக் கூடிற்று. ஆஸ்துமா என்று முதன்முறையாக வியாதிக்குப் பெயர் சொன்னார்கள்.

இன்ஹேலர் எழுதிக் கொடுத்தபோது நான் தயங்கினேன். அது கடைசி மருந்து, பிடித்தால் விடாது என்று நம்மவர்கள் சொல்லக் கேட்டிருந்தேன். அந்த இளம் மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: மாத்திரையாக விழுங்கும் ஸ்டீராய்டு மில்லிகிராம் கணக்கில் சரீரம் முழுவதும் போகிறது, உறிஞ்சும் மருந்து மைக்ரோகிராம் கணக்கில் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. ஒரு மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். மூச்சு முட்டும்போது உடனே விரித்துக் கொடுக்கும் மருந்து வேறு. குழாயின் அழற்சியைத் தணிக்க அன்றாடம் எடுக்கும் மருந்து வேறு. நன்றாக இருக்கிறதே என்று இரண்டாவதை நிறுத்திவிடக்கூடாது. எடுத்தபின் வாயைக் கொப்புளிக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் சொல்லி, அவள் சரியாக உறிஞ்சும்வரை நான்கு முறை செய்துகாட்டச் சொன்னார்.

வீடு திரும்பும் வழியில் என் மனக்கஷ்டத்தை அவளிடம் சொன்னேன். அவள் நின்று, "அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்காக இரண்டு முறை கேட்டார்கள். இந்த மூன்று வருஷத்தில் ஒருவராவது ஒரு முறை முழுவதும் கேட்டார்களா?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. கற்பிக்கும் இடத்தில் கேள்வியைப் பாதியில் விட முடியாது. அதனால் நோயாளிக்கு உண்டாகும் நன்மையை அன்று கண்டுகொண்டேன். அடுத்த குளிர்காலத்தில் அவள் படுத்துத் தூங்கினாள்.

அதன்பின் நான் விசாரிக்கிறவனாக மாறினேன். 1916-இல் பெண்களுக்கென்று தொடங்கப்பட்ட லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி, மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி, 1971-இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழக மருத்துவ அறிவியல் கல்லூரி ஆகிய யாவும் டெல்லிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. 1946-இல் தொடங்கிய நர்சிங் கல்லூரி, நம் தேசத்தின் முதல் சுகாதார அமைச்சரான ராஜகுமாரி அம்ரித் கௌரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இயன்முறை மருத்துவம், செயற்கைக் கை கால் பொருத்துதல் போன்ற படிப்புகளுக்கும் இப்பல்கலைக்கழகத்தின் பட்டம் உண்டு.

பெற்றோர் கவனிக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. டெல்லியின் இந்த மருத்துவக் கல்லூரிகளில், நீட் தேர்வின் வழியே நிரப்பப்படும் எம்.பி.பி.எஸ். இடங்களில் 85 சதவீதம், 11, 12-ஆம் வகுப்புகளை டெல்லியிலுள்ள பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. தாய்மொழி எது, சொந்த ஊர் எது என்று அங்கே கேட்பதில்லை. நம்மில் பலர் பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். நாங்களும் அப்படியே தீர்மானித்திருந்தோம். இதை அறிந்தபின் மகளை இங்கேயே படிக்கவைத்தோம். அவளுக்கு மருத்துவ இடம் கிடைக்கவில்லை. அதற்காக அவள் சில நாள் அழுதது உண்மை. ஆனால் 2018-இல் அதே பல்கலைக்கழகத்தின் நர்சிங் படிப்பில் சேர்ந்தாள். இன்று ஓர் அரசு மருத்துவமனையில் பணிசெய்கிறாள். இன்ஹேலரைக் கண்டு பயப்படுகிற தாய்மாருக்கு, நான்கு முறை உறிஞ்சிக் காட்டச் சொல்லிப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கிறாள்.

பிரியமானவர்களே, நீங்கள் வேறு பட்டணத்தில் இருக்கலாம். வாரணாசியில் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும், அலிகரில் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலும், லக்னோவில் கிங் ஜார்ஜ் மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் இவ்விதமே மருத்துவமனைகள் உண்டு. உங்கள் பட்டணத்தில் எது உண்டென்று இந்த வாரமே விசாரியுங்கள். போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். மொழி தடுமாறினால், அறிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அவை பொதுப்பணத்தால் நடக்கிறவை; கடையில் நாம் வாங்கும் ஒவ்வொரு பொருளின் வரியிலும் நம் பங்கும் அங்கே போய்ச் சேர்கிறது.

நான் பத்து வருஷம் அந்த வாசலைக் கடந்துபோனேன். நீங்கள் ஒரு முறை நின்று, உள்ளே போய்க் கேளுங்கள்.