உள்ளங்காலும் ஓட்டமும்

உடலுறுப்புக்கள் அனைத்திலும் நாம் மிகக் குறைவாக நினைப்பது உள்ளங்காலையே. முகத்துக்குக் கண்ணாடி உண்டு; வயிற்றுக்கு வேளைதோறும் உபசாரம் உண்டு. உள்ளங்காலுக்கோ முள் தைத்தாலன்றி நம் சிந்தையில் இடமில்லை.

சில ஆண்டுகளாக அதிகாலையில் எங்கள் ஊர்த் திடலில் ஓடி வருகிறேன். புதிதாக ஓடத் தொடங்கும் வாலிபரையும் பெண்மணிகளையும் அங்கே காணும்போது உள்ளம் மகிழ்கிறது. ஆனால் அவர்களுள் பலர் ஒரு மாதத்துக்குள் மறைந்துவிடுகின்றனர். காரணம் கேட்டால், "உள்ளங்கால் குத்துகிறது, அண்ணே! விடியற்காலையில் எழுந்து முதலடி வைக்க முடியவில்லை" என்கின்றனர். "நமக்கு ஓட்டம் கொடுத்து வைக்கவில்லை" என்று முடிவு கட்டுவோர் சிலர். ஒரு வாலிபனுக்கு அவன் வீட்டார் கண்ணேறு கழித்து, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டனராம்! மிளகாய் எரிந்தது, வலி எரியவில்லை.

அன்பர்களே! இவ்வலியின் காரணம் காலிலேயே இருக்கிறது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவை கல்வளைவு போல் அடுக்கப்பட்டிருக்கின்றன. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை தடித்த நார்ப்பட்டை ஒன்று, வில்லுக்கு நாணைப்போல் அவ்வளைவை இழுத்துப் பிடிக்கிறது. ஓடும்போது ஒவ்வோரடியிலும் உடலின் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு சுமை காலில் இறங்கும். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். நார் பழக மாதங்கள் ஆகும். மூச்சு தரும் துணிவில் தூரத்தைக் கூட்டுகிறோம், நாண் நோகிறது.

என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மேடும் பள்ளமும் ஏறியிறங்கி, மரத்துக்கு மரம் நடந்த கால் அவருடையது. அவர் மகனாகிய என் கால், பட்டணத்து நாற்காலியின் கீழ் நாளெல்லாம் தொங்கும் கால். பிறப்பால் இவ்விரண்டுக்கும் பேதமில்லை. பழக்கத்தால் மலைக்கும் மடுவுக்குமுள்ள பேதம்! 1960ஆம் ஆண்டு ரோமாபுரியில் வெறுங்காலுடன் மாரத்தான் ஓடி வென்றார் எத்தியோப்பிய வீரர் அபேபே பிக்கிலா. அவர் கால் அதற்குப் பழகிய கால். அவரே 1964இல் தோக்கியோவில் சப்பாத்து அணிந்து ஓடியும் வென்றார். அவரைக் கண்டு நாமும் சப்பாத்தைக் கழற்றி எறிவது அறிவுடைமையாகாது.

ஆகவே, புதியவர்கள் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து, மீண்டும் ஓடி, அரைமணி நேரத்துடன் நிறுத்துக. வாரத்தில் மூன்று நாள் போதும். இடையிடையே ஒரு நாள் ஓய்வு வேண்டும். தூரத்தையும் வேகத்தையும் ஒருங்கே கூட்ட வேண்டா. சப்பாத்தை மாலையில் வாங்குக. கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அதுவே. விரல் நுனிக்கு முன் ஒரு விரலகலம் இடமிருக்கட்டும். தேய்ந்த சப்பாத்து ஓட்டத்துக்கு உதவாது.

வலி வந்துவிட்டால், சில நாள் ஓட்டத்தைக் குறைத்து, சைக்கிள் மிதித்தோ நீந்தியோ உடலைப் பழக்கத்தில் வைத்துக்கொள்க. படுக்கையை விட்டு இறங்குமுன் கால்விரல்களைக் கையால் மேல்நோக்கி இழுத்துப் பத்து எண்ணுமளவு பிடித்து, பத்து முறை செய்க. சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை அரை நிமிடம் நீட்டுக. வீட்டின் கல்தரையில் மெத்தென்ற சிலிப்பருடன் நடமாடுக. வலி தணியத் தொடங்கியதும், படிக்கட்டின் விளிம்பில் சுருட்டிய துண்டின்மேல் விரல்களை வைத்து நின்று, குதிகாலை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்குக. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் நார் வலுப்பெறும். பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் குணம் தெரியும். வீக்கமோ, மரத்துப்போதலோ, எலும்பில் ஒரே புள்ளியில் கடும் வலியோ இருந்தால் வைத்தியரிடம் செல்லத் தாமதிக்கலாகாது.

இவ்வளவு வற்புறுத்துவது ஏன்? 2019ஆம் ஆண்டு மலேசியாவில் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, நீரிழிவு இந்தியரிடையேதான் மிக அதிகம் எனக் காட்டிற்று. உடலை அசைத்து வாழ்வது அந்நோயைத் தடுக்கும் வழிகளுள் ஒன்று. கால் நொந்ததென்று திடலை விட்டு நாற்காலிக்குத் திரும்புகிறவன், சிறுநோவுக்கு அஞ்சிப் பெருநோயை அழைக்கிறான். நீரிழிவு முன்னரே உள்ளவர்களோ பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கலாமாதலின், ஓடத் தொடங்குமுன் வைத்தியரிடம் கால்களைக் காட்டுக. நாள்தோறும் உள்ளங்காலைத் தாமே பார்த்துக்கொள்க.

தோழர்களே, சகோதரிகளே! வலி வந்ததற்காக ஓட்டத்தைத் துறக்க வேண்டா. தூரத்தைக் குறைத்து, காலை வலுப்படுத்தி, மீண்டும் திடலுக்கு வருக.