ஏரியல்

2020 ஜூன் முதல் வாரத்தில் ஒரு காலை என் மடிக்கணினியின் வைஃபை கார்டு செத்துப்போனது. முந்தின இரவு வரை வேலை செய்தது. காலையில் திறந்தால் திரையின் மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி. டிவைஸ் மேனேஜரில் தேடினால் அப்படி ஒரு கார்டு இருந்ததற்கான அடையாளமே இல்லை. ஊரே வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த நேரம். எனக்கு வீடும் இருந்தது, வேலையும் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்திருந்த, தீப்பெட்டியைவிடச் சின்னதான ஒரு பச்சைப் பலகை மட்டும் போய்விட்டது.

மார்ச் மூன்றாவது வாரம், பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்து, நானும் மனைவியும் மகளும் சென்னையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு வந்திருந்தோம். ஜூன் வந்துவிட்டது. கணக்கு மென்பொருள் ஒன்றுக்கு வாடிக்கையாளர் உதவி செய்கிற வேலை எனக்கு. நாளெல்லாம் யாராவது ஒருவரின் ஜிஎஸ்டி கணக்கு உதைக்கும், நான் அதை அவிழ்க்க வேண்டும். கம்பெனி மடிக்கணினி தரவில்லை. 2013இல் வாங்கிய என் சொந்த மடிக்கணினிதான். கைப்பேசியின் இணையத்தைப் பயன்படுத்தலாம் என்றால் கைப்பேசி மகளின் ஆன்லைன் வகுப்புக்குப் போய்விட்டது.

ரவுட்டரோடு வந்த மஞ்சள் லேன் கேபிள் ஒன்று அட்டைப்பெட்டியில் கிடந்தது. ஒன்றரை மீட்டர். ரவுட்டர் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. டிவிக்கு எதிரே அப்பாவின் கட்டில். கேபிள் எட்டிய தூரத்தில் ஒரு ஸ்டூலும் ஒரு முக்காலியும் போட்டு உட்கார்ந்தேன். அப்பாவுக்கும் எனக்கும் நடுவே ஒரு கை நீளம் இருந்திருக்கும். மாடியில் எனக்கு ஒரு அறை உண்டு. கதவைச் சாத்தலாம். ஆனால் கம்பி அங்கே எட்டாது.

அப்பா 1971இலிருந்து 2006 வரை மார்க்கெட் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடையை மூடியபின் பேச்சு குறைந்துபோன மனிதர். அல்லது நான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கை நீளத்தில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அவர் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறார், கேட்கிற தூரத்தில் நான்தான் இல்லை. எனக்கு மீட்டிங் வந்தால் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். ஹெட்போனைக் கழற்றியதும், "முடிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்தில் தொடங்குவார்.

வால்வு ரேடியோ சூடாகப் பிடிக்கிற நேரம், டயல் நூல் அறுந்தால் அதைக் கப்பிகளில் சுற்றி மாட்டுகிற முறை, இலங்கை வானொலிக்காகவே மொட்டை மாடியில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே செம்புக் கம்பி கட்டிய வீடுகள். பெரும்பாலும் "உம்" கொட்டிக்கொண்டு ஜிஎஸ்டி பார்த்தேன். ஒரு கதை மட்டும் முழுசாக நினைவில் இருக்கிறது. மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து ஒருவர் ரேடியோவைச் சுமந்து இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஸ்டேஷன் எடுக்கவில்லை. அப்பா இரண்டு வால்வை மாற்றிக் காசு வாங்கிக்கொண்டு அனுப்பினார். அடுத்த வாரம் அவர் திரும்பி வந்து, மேலே போனால் மறுபடி எடுக்கவில்லை என்றார். அப்பா பஸ் ஏறி மாஞ்சோலைக்கே போனார்.

"போய்ப் பாத்தா லைன் வீட்டுக்குப் பின்னால ஏரியல் கம்பி அறுந்து தரையில கெடக்கு. செட்டுல ஒரு கோளாறும் இல்ல. வால்வுக்கு வாங்குன காச அங்கயே திருப்பிக் குடுத்தேன்."

"எதுக்குக் குடுத்தீங்க? அவருக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்லா."

*

பழுதான கார்டைக் கழற்றுவது சிரமமில்லை. மின்சாரத்தைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்து, அடிமூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். மினி பிசிஐ எக்ஸ்பிரஸ், அதிலும் அரை நீளம். இரண்டு பொடி ஸ்க்ரூ. அவற்றை எடுத்ததும் கார்டு தானாகவே ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், சாய்வாக இழுத்தால் வந்துவிடும். மேலே கறுப்பிலும் சாம்பலிலும் இரண்டு மெல்லிய கம்பிகள் கடுகுப் பொட்டு மாதிரியான பித்தளை முனைகளில் மாட்டியிருக்கும். அவற்றை நகத்தால் நெம்பி எடுத்தேன். அந்தக் கம்பிகள் கீல் வழியாக ஏறித் திரையின் இரண்டு பக்கமும் போகின்றன. ஆன்டெனா அங்கே இருக்கிறது.

சென்னை நண்பர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கார்டு வாங்கி கூரியரில் அனுப்பினார். பழையதைவிட வேகமானது. மாட்டி, பொத்தானை அழுத்தினேன். விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி: அனுமதியில்லாத நெட்வொர்க் கார்டு செருகப்பட்டிருக்கிறது, அணைத்துவிட்டு அதை எடுக்கவும். அவ்வளவுதான். எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை.

சில தயாரிப்பாளர்கள் தாங்கள் ஏற்றுக்கொண்ட கார்டுகளின் அடையாள எண்களை பயாஸுக்குள் பட்டியலாக எழுதிவைக்கிறார்கள். பட்டியலில் இல்லாத கார்டு இருந்தால் இயந்திரம் மேற்கொண்டு போகாது. அவர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. கார்டையும் ஆன்டெனாவையும் சேர்த்துச் சோதித்துத்தான் வானொலிக் கட்டுப்பாட்டு அமைப்புகள் சான்று கொடுக்கின்றன, வேறு கார்டு போட்டால் வெளியாகும் அலையின் சக்தி மாறலாம் என்பார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் அதன் பலன், அவர்கள் விற்கிற கார்டைத்தான் நான் வாங்க வேண்டும் என்பதாக முடிகிறது.

அப்பா கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன சொல்லுது?"

"இந்த கார்டுக்கு அனுமதி இல்லங்குது."

அவர் சிரித்தார். "லைசென்ஸ் கேக்குதோ?" எழுந்துபோய் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு சிறிய புத்தகத்தை எடுத்து வந்தார். தாத்தா பெயரில் இருந்த வானொலி உரிமம். ரேடியோ வைத்திருந்தால் வருஷாவருஷம் போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டி முத்திரை வாங்க வேண்டும் என்கிற சட்டம் எண்பதுகள் வரை இருந்தது. பாட்டு கேட்பதற்கு அரசாங்கத்திடம் அனுமதி. "இது போயிட்டுன்னு நெனச்சேன். பெட்டிக்குள்ள போய் உக்காந்திருக்கு."

வைஃபைக்கும் அந்த உரிமக் கதை உண்டு. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்தியில் யார் வேண்டுமானாலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்ற விதி 2005இல்தான் வந்தது. இன்று வீட்டுக்கு வீடு ரவுட்டர் கண் சிமிட்டுவதற்கு அந்த விலக்கு ஒரு காரணம். அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு வேறு சந்தேகம்.

"எத்தன மெகா?"

"ரெண்டாயிரத்து நானூறு."

விரலை மடக்கினார். முந்நூறை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் வரும். கடைக்கார கணக்கு. "பன்னெண்டர சென்டிமீட்டர். அதுல கால்வாசி வச்சா மூணு சென்டிமீட்டர் ஏரியல் போதும்லா. நம்ம மீடியம் வேவ்ல ஒரு அலையே முந்நூறு மீட்டர் வரும். அதான் மாடி பூரா கம்பி கட்டுனோம்." கட்டைவிரலின் மேல் கணுவைக் காட்டி, "இம்புட்டுதான். எங்க வச்சிருக்கான்?" என்றார். திரைக்குப் பின்னால் என்றேன். மூடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

*

ஜூன் 19இலிருந்து சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு. ரிச்சி ஸ்ட்ரீட் மூடிவிட்டது. திருநெல்வேலியில் மடிக்கணினி பழுது பார்க்கிற ஒருவர், போர்டு எரிந்துபோன இதே மாடலிலிருந்து கார்டைக் கழற்றி, ஐந்நூறு ரூபாய்க்கு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். பட்டியலில் உள்ள கார்டு. அதற்குள் ஒன்றரை மீட்டர் கம்பியில் பதினாறு நாள் ஓடியிருந்தது.

மாட்டினேன். பெட்டி மறுப்பில்லாமல் திறந்தது. ரவுட்டர் பக்கத்திலேயே இருந்ததால் உடனே இணைந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கேபிளைச் சுருட்டி அட்டைப்பெட்டியில் போட்டேன். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். பாதிப் படியில் இணைப்பு அறுந்தது.

கீழே வந்தால் எடுக்கும். அடுத்த அறைக்குப் போனால் போய்விடும். இதே மாடி அறையில் முன்பு பழைய கார்டு நன்றாகத்தான் எடுத்தது. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். பழைய டிரைவர், புதிய டிரைவர். மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தேன். ரவுட்டரின் சேனலை 11இலிருந்து 6க்கும் 6இலிருந்து 1க்கும் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் மாடிக்கு ஏறி, இறங்கி.

இரண்டாம் நாள் சாயங்காலம் அப்பா கேட்டார். "பக்கத்துல வச்சா எடுக்குது, தள்ளி வச்சா எடுக்கல, அப்படித்தான?"

"ஆமா."

"ஏரியல பாத்தியா?"

அடுத்த மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம் இருந்தது. "இது ரேடியோ இல்லப்பா. சாஃப்ட்வேர். கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றேன்.

அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

இது ரேடியோ இல்லை என்று சொன்னேனே, அதைவிடத் தப்பான வாக்கியத்தை என் தொழிலில் நான் சொன்னதில்லை. அந்தக் கார்டு முழுக்க முழுக்க ரேடியோதான். வாங்கவும் அனுப்பவும் செய்கிற ஒரு குட்டி வானொலி நிலையம். மூன்று நாளுக்கு முன்னால் அவர் விரல் மடக்கி அதன் ஏரியல் நீளத்தைச் சொன்னபோது நான் தலையாட்டியிருந்தேன்.

அன்று இரவு பதினோரு மணிக்கு, எல்லோரும் படுத்தபின், ஹால் மூலையில் மேசை விளக்கைப் போட்டு அடிமூடியைத் திறந்தேன். கறுப்புக் கம்பியின் முனை கார்டைவிட்டு நழுவிப் பக்கத்தில் கிடந்தது. சாம்பல் கம்பி பாதி உட்கார்ந்து, பாதி சரிந்திருந்தது. அந்த முனையை நேராக வைத்து, செங்குத்தாக அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அது வந்தால்தான் மாட்டியதாக அர்த்தம். நான் மேலே வைத்து மூடியை மூடியிருக்கிறேன், அவ்வளவுதான். அழுத்தினேன். டிக். அடுத்தது, டிக். கழன்றுவிடாமல் மேலே ஒரு துண்டு மஞ்சள் டேப் ஒட்டினேன். மடிக்கணினியோடு மாடி ஏறினேன். கடைசிப் படியிலும் எல்லாக் கோடும் நிறைந்திருந்தது.

காலையில் அப்பா கேட்டார். "சரியாயிட்டா?"

"ஆயிட்டுப்பா. டிரைவர்தான். அப்டேட் பண்ணேன்."

"சரி" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெளிவாகச் சொல்ல எனக்கு இன்றும் வரவில்லை. முந்தின நாள் பேசிய பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பது ஒன்று. கணினி என்னுடைய இடம், அங்கேயும் அவர் சரியாகச் சொல்லிவிட்டார் என்பது இன்னொன்று. மாஞ்சோலைக்காரரிடம் அவர் காசைத் திருப்பிக் கொடுத்தார். எனக்குக் காசு கூடச் செலவில்லை. "ஏரியல்தான்ப்பா" என்று ஒரு சொல்.

அதற்கப்புறம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தேன். சாப்பாட்டுக்கு மட்டும் இறங்கினேன். கீழே டிவி சத்தம் பழையபடி கூடியிருந்தது. 2021 பிப்ரவரியில் சென்னை திரும்பினோம். அந்த வருஷம் செப்டம்பரில் அப்பா இறந்தார்.

*

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அந்த மடிக்கணினியை இப்போது மகள் வைத்திருக்கிறாள். விசிறி இரைகிறது என்றாள். தூசி தட்ட ஹாலில் உட்கார்ந்து அடிமூடியைக் கழற்றினேன். மஞ்சள் டேப் ஓரம் பழுத்து அப்படியே இருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பயறு உடைத்துக்கொண்டிருந்தாள். எதற்கென்று தெரியாமல் அவளிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு டிரைவர் இல்லை, ஏரியல்தான், அப்பாவிடம் பொய் சொன்னேன் என்று.

அம்மா கையை நிறுத்தவில்லை. "அது உங்க அப்பாவுக்கு அன்னைக்கு ராத்திரியே தெரியும்லா. தூங்காமதான் கெடந்தாவ. டிக்குன்னு ரெண்டு சத்தம் கேட்டதும் எங்கிட்ட சொன்னாவ, பய ஏரியலத்தான் மாட்டுதான், காலையில வேற என்னத்தையாவது சொல்லுவான், நீ ஒண்ணும் கேக்காதன்னு."

அந்தப் பித்தளை முனைகளை முப்பது தடவைக்கு மேல் கழற்றி மாட்டக் கூடாது என்பது அவற்றைச் செய்கிறவர்களின் கணக்கு. அதற்குமேல் பிடிப்பு தளர்ந்துவிடுமாம். டேப்பை எடுக்கவில்லை. சுற்றியிருந்த தூசியை மட்டும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மூடியைப் போட்டேன்.