கொல்லிமலையில் ஒரு பகல்

அரபு மொழியில் பயணத்தை ‘ஸஃபர்’ என்பர். திரையை விலக்குதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. வைகறை ஒளிர்வதையும் அதே வேரினால்தான் அரபியர் குறிப்பர். மனிதரின் இயல்பை மூடியிருக்கும் திரையைப் பயணம் நீக்கிவிடுவதால் அதற்கு இப்பெயர் அமைந்தது என அகராதி வல்லுநர் விளக்கம் தருவர். முப்பது ஆண்டுகளாக மதரஸா மாணவர்களுக்கு நான் ஓதிக்கொடுத்து வரும் விளக்கம் இது. அதன் கனத்தைச் சென்ற பங்குனியில் கொல்லிமலைச் சரிவில் என் முழங்கால்கள் எனக்கு ஓதிக்கொடுத்தன.

நாமக்கல் சமவெளியில் நிற்போர்க்கு வடகிழக்கே நீலச் சுவர்போல் தோன்றுவது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்று. மேற்பரப்பு ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அச்சாலை வருமுன், மிளகையும் பலாவையும் சுமந்து மலைமக்கள் சந்தைக்கு இறங்கியது ஒற்றையடிப் பாதைகளின் வழியேதான். அத்தகைய பாதை ஒன்றில் தனியே ஏற வேண்டும் என்பது என் நெடுநாள் வேட்கை.

சுபுஹுத் தொழுகையை முடித்துப் புறப்பட்டேன். முதுகுப் பையில் இரண்டு லிட்டர் தண்ணீர், பேரீச்சம்பழம், போர்வை, தொழுகை விரிப்பு. முதல் ஒரு மணி நேரம் பறவைகளின் ஒலியில் இன்பமாகக் கழிந்தது. பிறகு வெயில் ஏறியது. காலடியில் கற்கள் உருண்டன. முட்செடிகள் சட்டையைப் பற்றி இழுத்தன. வழியில் ஊற்று உண்டு என்று அடிவாரத்தில் சொல்லியிருந்தார்கள். நான் சேர்ந்தபோது அங்கே ஈரமற்ற குழியும் சருகுகளுமே இருந்தன. அதற்கு அப்பால் ஆடுமாடுகளின் தடங்கள் நாலாபுறமும் பிரிந்தன. எது பாதை, எது தடம் என்று விளங்கவில்லை. கைப்பேசியில் தொடர்பும் இல்லை.

லுஹர் நேரம் வந்தது. எஞ்சியிருந்ததோ நான்கு மிடறுத் தண்ணீர். தாகத்திற்கு வேண்டிய நீரை உளூவில் செலவிடாமல் தயம்மும் செய்துகொள்ளலாம் என்பது பிக்ஹு நூல்களில் ஒற்றை வரிச் சட்டம். வகுப்பில் அதைக் கடக்க அரை நிமிடம் போதும். சுடுபாறை அருகே மண்ணில் கைகளைப் பதித்த அந்த வேளையில், அவ்வரிக்குள் எத்தனை வழிப்போக்கரின் வறண்ட நாக்கு இருக்கிறது என்று எண்ணினேன். தொழுது எழுந்தும் நெஞ்சின் படபடப்பு அடங்கவில்லை. அஞ்சாதவன் என்று ஊரார் கருதும் ஒருவனுக்குள் இத்தனை அச்சம் குடியிருந்ததை மலை வெளிக்காட்டிவிட்டது.

அஸர் நெருங்கும் பொழுது, தலையில் அரிசி மூட்டையுடன் மூதாட்டி ஒருவர் வெறுங்காலுடன் ஏறி வந்தார்.

“ஒத்தையில எதுக்கு வந்தீங்க பாய்? பொழுது சாயறதுக்குள்ள மேல போயிரணும். என் பின்னாலயே வாங்க.”

“சரிங்கம்மா” என்பதன்றி என்னால் வேறெதுவும் பேச இயலவில்லை.

தம்மிடமிருந்த தண்ணீரில் பாதியைக் கொடுத்துவிட்டு முன்னே நடந்தார். என் மூச்சின் ஓசையைக் கேட்டே நின்று நின்று ஏறினார். கதிரவன் மறையுமுன் சிற்றூர் ஒன்றை அடைந்தோம். பணத்தை நீட்டியபோது பாராதவர்போல் இருந்தார். பேரனுக்கென்று பேரீச்சம்பழம் மட்டும் இரு கைப்பிடி வாங்கிக்கொண்டார்.

அன்றிரவு அவ்வூரில் ஒரு திண்ணையில் படுத்திருந்தபோது இப்னு பதூதா நினைவுக்கு வந்தார். 1325இல், 21 வயதில், தன்ஜா நகரிலிருந்து துணையின்றிப் புறப்பட்டவர் அவர். அவரே 1344இல் இலங்கையின் பாவா ஆதம் மலையில் ஏறியபோது, ஆரியச் சக்கரவர்த்தி வழியறிந்தோரையும் சுமையாட்களையும் உடன் அனுப்பினான். செங்குத்தான பாறையில் பற்றி ஏறப் பத்து இரும்புச் சங்கிலிகள் இருந்தன என்று அவர் எழுதுகிறார். பத்தாவதன் பெயர் ஷஹாதத்துச் சங்கிலி. அங்கிருந்து கீழே நோக்குவோர் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தால் கலிமாவை மொழிவராம். உலகம் சுற்றிய அப்பெருமகனாரும் அம்மலையில் பிறர் வழிகாட்ட, என்றோ எவரோ கட்டிவைத்த சங்கிலியைப் பற்றியே ஏறினார்.

இரவில் தனித்துப் பயணம் செய்வது குறித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நாம் அறிவோம். தனியே புறப்படுதல் எவர்க்கும் எளிது. தனியே சென்று சேர்ந்தவர் மிகச் சிலர். பயணம் விலக்கும் திரைக்குப் பின்னே நம் அச்சம் மட்டும் இருப்பதில்லை. முன்பின் அறியாதவர்க்குத் தம் தண்ணீரில் பாதியைத் தரும் உள்ளங்களும் அங்கேதான் இருக்கின்றன.