தேக்காவில் ஒரே வரிசை, ஊரில் இரண்டு தெரு

ஐப்பசி பிறந்துவிட்டால் திண்டிவனம், மயிலம், திருவக்கரைப் பக்கத்து டீக்கடைகளில் ஆண்டுதோறும் ஒரே பேச்சு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேர வரம்பு வைத்தது. தமிழக அரசு அதைக் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று பிரித்துக் கொடுத்தது. பண்டிகையையே பறித்துவிட்டார்கள் என்று ஒரு கட்சி, காற்று கெடுகிறது என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியும் ஓயும் நேரத்தில் யாராவது ஒருவர் சிங்கப்பூரில் இருக்கும் தங்கை மகனுக்குப் போன் போட்டுக் கேட்கிறார்: “ஒங்களுக்கு அங்க வெடியே கெடயாதாமே, அப்புறம் இன்னாடா தீபாவளி?”

கடல் தாண்டிப் போனவனுக்குச் சுருக்கென்று தைக்கிற கேள்வி இது. வெடி இல்லை என்பது உண்மைதான். 1970 சீனப் புத்தாண்டில் பட்டாசுத் தீ விபத்துகளில் ஆறு பேர் செத்த பிறகு சிங்கப்பூர் அரசு முதலில் கட்டுப்பாடு போட்டது. 1972-ல் முழுத் தடையே வந்துவிட்டது. 2018 தீபாவளிச் சமயத்தில் லிட்டில் இந்தியாவில் வாணம் விட்டவர்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கம்பி மத்தாப்போடு சரி. ஆனால் அரை நூற்றாண்டாக வெடிச்சத்தம் இல்லாத அந்த ஊரில் தீபாவளி குறைந்துவிடவில்லை. அரசு விடுமுறை நாட்கள் பதினொன்றில் அதுவும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் மறுநாள் திங்களும் லீவு.

அங்கே தீபாவளியை நடத்துகிறவர்கள் நண்பர்கள். ஊரில் பண்டிகை தானாக வந்து கதவைத் தட்டும். அம்மா மாவு இடிப்பார், பெரியப்பா கறி எடுத்து வருவார், பிள்ளை எண்ணெய் தேய்த்துக்கொள்ளத் தலையைக் காட்டினால் போதும். பர்மிட்டில் வேலைக்குப் போனவன் ஒவ்வொன்றையும் கூட்டுச் சேர்ந்துதான் உண்டாக்க வேண்டும். பேராவூரணிக்காரர் ஒருவர் கறிக்குழம்புக்குப் பொறுப்பு, அறந்தாங்கிக்காரர் ஒருவர் இட்லிக்கு. விழுப்புரம் பக்கத்து ஆளுக்கு நோன்பு அதிரசம் இல்லாமல் தீபாவளி முழுமையடையாது. ஈரப் பச்சரிசி மாவில் வெல்லப் பாகைக் கலந்து, மாவு ஊற ஒன்றிரண்டு நாள் வைத்திருந்து, கைக்குள் தட்டி எண்ணெயில் போட வேண்டும். பாகு ஒரு இழை முற்றினாலும் அதிரசம் கல்லாகிவிடும். டார்மெட்ரியின் பொதுச் சமையலறையில் அடுப்புக்கு வரிசையில் நிற்கிறவனால் இது நடக்கிற காரியமா? ஊரிலிருந்து திரும்பும் நண்பனின் பெட்டியில் துணிகளுக்கு நடுவே பொட்டலமாக வந்து சேர்கிறது அதிரசம். பத்துப் பேர் அறையில் ஆளுக்குப் பாதி.

தீபாவளிக்கு முந்தின இரவு எல்லோருக்கும் ஒரே இடம்தான், லிட்டில் இந்தியாவான தேக்கா. சிராங்கூன் சாலை முழுக்க விளக்கலங்காரம். கேம்பல் லேன் பக்கத்துச் சந்தையில் நள்ளிரவை நெருங்க நெருங்க விலை இறங்கும், கூட்டம் ஏறும். அந்தச் சாலையிலேயே 1881-ல் எழுந்த வீரமாகாளியம்மன் கோயில் இருக்கிறது. பக்கத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த காலத்தில் மக்கள் அதைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றார்கள். கல்குவாரிகளுக்கு நடுவே வக்கிரகாளியை வைத்திருக்கும் திருவக்கரைக்காரனுக்கு, சுண்ணாம்பு சுடும் கூலிகளுக்கு நடுவே குடியேறிய இந்தக் காளி அந்நியமாகத் தோன்றுவதில்லை. ஊரில் பௌர்ணமி நள்ளிரவு ஜோதி தரிசனத்துக்குப் பஸ் பஸ்ஸாக ஆள் இறங்கும் நேரத்தில் அவன் இங்கே கைகூப்பிவிட்டு வேலைக்குப் போகிறான்.

தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன்னால் சிங்கப்பூரில் இன்னொன்று நடக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துக்காரர் ஒவ்வொருவரும் நின்று பார்க்க வேண்டிய தீமிதி அது.

சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827-ல் நாராயண பிள்ளை நிறுவியது. சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுதான். நாகப்பட்டினம், கடலூர் பக்கமிருந்து கப்பலேறிய ஏழை ஜனங்கள்தாம் அங்கே முதலில் கும்பிட்டவர்கள். அன்றைய கடலூர் என்றால் தென்னாற்காடு ஜில்லாவின் தலைநகர். திண்டிவனமும் விழுப்புரமும் செஞ்சியும் அந்த ஜில்லாவுக்குள்தான். 1993-ல்தான் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. அந்தக் கோயிலில் மாரியம்மனோடு திரௌபதியும் இருக்கிறாள், அரவானும் இருக்கிறான். 1840 முதல் அங்கே தீமிதி நடந்துவருகிறது என்பது வரலாறு.

திரௌபதி வழிபாட்டுக்கு மூல நிலம் செஞ்சி வட்டாரம். மேலச்சேரிக் கோயிலைத்தான் பாரதக் கோயில்காரர்கள் ஆதி என்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைடல் 1988-ல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதிய முதல் தொகுதிக்குத் துணைத்தலைப்பாக வைத்ததே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்பதுதான். அரவானுக்குத் தாலி கட்டி அறுக்கும் கூவாகம், 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரியும்வரை விழுப்புரத்தில்தான் இருந்தது. ஆக, தேக்காவில் தீமிதி ஊர்வலத்தைப் பார்க்கும் திருவக்கரைப் பையன் பார்ப்பது தன் பாட்டனுடைய திருவிழாவை. அவனுக்கு நூற்றைம்பது ஆண்டுக்கும் முன்பே அது கப்பலேறிவிட்டது.

அதை எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்! ஆடியில் கொடியேறுகிறது. அர்ச்சுனன் திரௌபதி கல்யாணம், அரவான் பூசை, சக்கரவர்த்திக் கோட்டை, படுகளம் என்று பாரதம் வரிசையாகப் போய் ஐப்பசியில் தீக்குழியில் முடிகிறது. சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்படும் பக்தர்கள் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நடந்து மாரியம்மன் கோயிலுக்கு வருகிறார்கள். முதலில் கரகம் ஏந்திய பூசாரி இறங்குவார். அவருக்குப் பின்னால் மஞ்சள் வேட்டியும் வேப்பிலையுமாக ஆயிரக்கணக்கான ஆண்கள், ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி. குழியைத் தாண்டியதும் கால் நனைக்கப் பால்குழி. தாங்கிப் பிடிக்கத் தொண்டர்கள். தண்ணீர், முதலுதவி, சாலையை ஒதுக்கித் தரும் போலீஸ், எல்லாம் அதது அதனதன் இடத்தில்.

அந்த வரிசையில் கிரேன் ஓட்டுகிறவர் நிற்கிறார், அவருக்கு முன்னால் வங்கி அதிகாரி. நடுநடுவே சீன பக்தர்களும் உண்டு. விரதம் இருந்தாயா என்று கேட்பார்கள். உன் ஊரில் உன் வீடு எந்தத் தெரு என்று கேட்பதில்லை.

இதே திரௌபதியின் பெயரால் சொந்த மாவட்டத்தில் என்ன நடந்தது? விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில். 2023 ஏப்ரலில் அங்கே உள்ளே வந்த தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தை மேல் பேச்சுவார்த்தை நடந்தும் வழி பிறக்காமல் 2023 ஜூன் 7 அன்று வருவாய்த் துறை கோயிலுக்குச் சீல் வைத்தது. உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மார்ச்சில் கதவு திறந்தது. ஆனால் அர்ச்சகர் பூசை செய்ய மட்டும். 2025 ஏப்ரலில்தான், போலீஸ் காவலோடு, தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-ல் என்பதை நினைத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது.

தேக்காவில் ஒரே தட்டில் அதிரசம் பிட்டுத் தின்கிறவர்களில் ஒருவன் ஊர்த்தெருக்காரன், ஒருவன் காலனிக்காரன். பக்கத்துப் பக்கத்துக் கட்டில், ஒரே லாரியில் பயணம், ஒரே ஃபோர்மேன். லீவில் இருவரும் ஒரே விமானத்தில் சென்னையில் இறங்கி, ஒரே பஸ்ஸில் திண்டிவனம் வந்து, ஊர் எல்லையில் இரண்டு பக்கமாகப் பிரிந்து போகிறார்கள். ஒருவன் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவன் போனால் பந்தியில் உட்காருவானா, மொய் எழுதிவிட்டு வெளியிலிருந்தே திரும்பிவிடுவானா என்பது இன்றும் கேள்விதான்.

சிங்கப்பூர் மண்ணுக்கு இதில் தனி மகிமை கிடையாது. அங்கேயும் ஒரு காலத்தில் ஆதிதிராவிடர்களுக்குக் கோயில் கதவு அடைத்துத்தான் கிடந்தது. 1930களில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் கிளம்பிச் சண்டை போட்டது. திருவாரூரிலிருந்து போன கோ. சாரங்கபாணி 1935-ல் தமிழ் முரசைத் தொடங்கி எழுதி எழுதி இடித்தார். தீமிதியையும் காவடியையுமே ஏற்காத சீர்திருத்தக்காரர்கள் அவர்கள். மதம், சாதி பாராமல் எல்லாத் தமிழரும் கூட ஒரு நாள் வேண்டும் என்றுதான் 1952-ல் பொங்கலையொட்டித் தமிழர் திருநாளைத் தொடங்கினார் சாரங்கபாணி. அரசின் பங்கும் உண்டு. 1989-ல் வந்த ஒதுக்கீட்டு விதிப்படி வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் எந்த இனத்தாரும் தனித்துக் குவிய முடியாது. தீபாவளித் தட்டு சீனர் வீட்டுக்கும் மலாய்க்காரர் வீட்டுக்கும் போகிறது. நோன்புப் பெருநாளில் அங்கிருந்து பலகாரம் திரும்பி வருகிறது. சாதி அங்கே செத்துவிட்டது என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம், பெண் பார்க்கும்போது அது எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் தெருவும் குழாயும் கோயில் வாசலும் அதன் கையில் இல்லை.

சிங்கப்பூரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவர்கள் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1968-ல் விடுமுறைகளைக் குறைத்தபோது தைப்பூசம் பட்டியலை விட்டுப் போனது. தீபாவளியா தைப்பூசமா என்று இந்துக்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 1973-ல் காவடி ஊர்வலத்தில் மேளதாளத்துக்குத் தடை விழுந்தது. குறித்த சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது 2016-ல்தான். பம்பையும் உடுக்கையும் இல்லாமல் அம்மனை அழைக்கிற அவஸ்தை தென்னாற்காட்டுக்காரனுக்குத்தான் தெரியும். தீக்குழியில் இறங்க அங்கே ஆண்களுக்கு மட்டும் அனுமதி, ஊர்ப்பக்கம் பல கோயில்களில் பெண்களும் இறங்குகிறார்கள். பதினெட்டு நாள் விடிய விடியத் தெருக்கூத்து, மண்ணால் சமைத்த துரியோதனன் தெருவை அடைத்துக் கிடக்கும் படுகளம், கூந்தல் முடியும் திரௌபதியைப் பார்த்து அழும் கிழவிகள் எல்லாம் வேண்டுமானால் செஞ்சிப் பக்கம்தான் வர வேண்டும். 2020-ல் கொரோனாவைக் காட்டி டார்மெட்ரிகளைப் பூட்டியபோது அந்த ஆண்டுத் தீபாவளிக்குத் தேக்காவின் விளக்குகளைத் தொழிலாளர்கள் செல்போனில்தான் பார்த்தார்கள்.

பொங்கல் இன்னும் பெரிய குறை. லீவே கிடையாது. கேம்பல் லேனில் கரும்பும் மஞ்சள் கொத்தும் பானையும் விற்கிறார்கள். மாடுகளை ஓட்டிவந்து கட்டுகிறார்கள், நகரத்துப் பிள்ளைகள் அதிசயமாகத் தொட்டுப் பார்க்கின்றன. பக்கத்திலேயே எருமையின் பெயரில் பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்று இரண்டு தெருக்கள், அந்தப் பகுதி ஒருகாலத்தில் மாட்டு வியாபாரத்தில் பிழைத்ததற்குச் சாட்சியாக. இருந்தும் கொம்புக்கு வண்ணம் பூசித் தன் மாட்டை அவிழ்த்துவிடுகிற மாட்டுப் பொங்கல் அதில் எங்கே இருக்கிறது? தை 5-ல் தென்பெண்ணையிலும் சங்கராபரணியிலும் ஆற்றுத் திருவிழா. சுற்று ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு மணலில் வந்து வரிசையாக நிற்கும். சிறுவள்ளிக்கிழங்கு வாங்காமல் யாரும் வீடு திரும்புவதில்லை. திருவக்கரைக்குப் பக்கத்தில் ஓடும் சங்கராபரணியை எந்த விளக்கலங்காரமும் ஈடுகட்டாது. அன்று ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருப்பவனின் வாட்சப்பில் அண்ணி அனுப்பிய வீடியோ ஓடும்.

ஊர்த் திருவிழாவில் அவன் இல்லாவிட்டாலும் அவன் பணம் இருக்கிறது. பந்தலுக்கும் கூத்துக்கும் அன்னதானத்துக்கும் சிங்கப்பூர் வாழ் நண்பர்கள் சார்பாக என்று ஃப்ளெக்ஸ் கட்டாத ஊர் இந்த வட்டாரத்தில் அரிது. அந்தப் பணத்துக்கு நாட்டாமையிடம் மதிப்பு உண்டு. பல ஊர்களில் ஒதுக்கலின் அடையாளமே திருவிழா வரிதான். காலனிக்காரர் வரி கொடுக்க முன்வந்தாலும் வாங்க மாட்டார்கள், வாங்கினால் சாமி அவர்கள் தெருவுக்கும் போயாக வேண்டுமே. மாரியம்மன் கோயில் வரிசையில் காலனி நண்பனின் முதுகுக்குப் பின்னால் நின்று தீ மிதித்த ஊர்த்தெரு இளைஞனுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. பங்குனியில் கொடியேறும் முன் வசூல் கேட்டு ஊரிலிருந்து செய்தி வரும். பணத்தை அனுப்புவதற்கு முன்னால் அவன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். காலனியில் வரி வாங்கினீர்களா? அம்மன் அந்தத் தெருவுக்குப் போகிறாளா? தீக்குழிக்கு யார் வந்தாலும் விடுவீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் கேட்டதற்கு மேல் ஐயாயிரம் சேர்த்து அனுப்பட்டும். இல்லை என்றால் அந்த ஆண்டு ஃப்ளெக்ஸில் நண்பர்கள் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தத் தொகையைக் காலனிக் கோயிலின் திருவிழாவுக்குக் கொடுக்கட்டும்.